பூவரச மரத்தைப் பார்த்துப் பேசியவர்கள்

மாமல்லபுரத்துக்கு மேற்கே, கால்வாய்க் கரையில் இருந்த விறகு மண்டிக்கு நான் கணக்கு எழுதப் போன முதல் நாள். என் இரண்டு முதலாளிகளில் மூத்தவர் எதிரே நின்ற பூவரச மரத்தைப் பார்த்து, “தெக்கால கீற விறகு அட்டிய மொதல்ல காலி பண்ணணும்னு அவுருகிட்ட சொல்லு” என்றார்.

மரம் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புது இடம். பெரிய மனிதர் ஒருவர் மரத்தோடு பேசுகிறார் என்றால் அவருக்கும் அதற்கும் ஏதோ இருக்கும், நடுவில் நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுமையாட்களின் மேஸ்திரி என் தோளைத் தட்டினார். “அண்ணாத்தே, உன்கிட்டதான் சொல்றாரு. நீ அவுருகிட்ட சொல்லணும்.”

அந்த ‘அவுரு’, நாலடி தள்ளி அதே பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டாவது முதலாளி.

“இங்கேதானே இருக்காரு? காதுல விழுந்திருக்குமே?”

“வுழுந்திருக்கும். ஆனா நீ சொல்ற வரைக்கும் அவுரு கேட்டதா அர்த்தம் கெடையாது.”

சொன்னேன். இரண்டாவது முதலாளி கிளாஸைக் கீழே வைத்தார். சேதி அப்போதுதான் சீமையிலிருந்து வந்து இறங்கியது போல நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு அவரும் மரத்தைப் பார்த்தார். “வடக்கால அட்டிதான் காஞ்சி கீது. தெக்கால இன்னும் பச்ச வாடை போவல. அவுருகிட்ட சொல்லு.”

நான் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பி, அதைச் சொன்னேன். அன்று சாயங்காலம் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறும்போது கழுத்து சுளுக்கிக்கொண்டிருந்தது.

ஊரில் மூத்தவரைப் பெரிய பாய் என்பார்கள், இளையவரைச் சின்ன பாய் என்பார்கள். பெரிய பாயின் மனைவி சின்ன பாயின் அக்கா. சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் சவுக்குத் தோப்புகளைப் பேசி வாங்கி, வெட்டிக் கொண்டுவந்து, கரையில் அட்டி அட்டியாக அடுக்கிக் காயவைத்து, படகில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவது இவர்கள் தொழில். அந்த ஐம்பதுகளில் பட்டணத்தில் எரிந்த அடுப்பில் பாதி எங்கள் பக்கத்துச் சவுக்கில்தான் எரிந்தது என்று மேஸ்திரி சொல்வார். மீதிப் பாதியையும் நாமே எரித்தோம் என்று சொல்லாதது அவருடைய அடக்கம்.

மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் கேட்டேன். மேஸ்திரி ஒன்று சொன்னார், டீக்கடைக்காரர் வேறொன்று சொன்னார், படகுக்காரர் இரண்டும் பொய் என்றார். நான் அதோடு விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது வேலை. பதினைந்து வருஷம் நான் கணக்கு எழுதிய செங்கல்பட்டு பஸ் முதலாளி பஸ்களை விற்றுவிட்டுப் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது, சோடாப்புட்டிக் கண்ணாடி, முன்னால் தள்ளிய தொப்பை. இந்தச் சரக்கை இன்னொரு இடத்தில் யார் எடுப்பார்கள்?

ஆகவே சேதி கொண்டுபோவதையும் கணக்கோடு சேர்த்துக்கொண்டேன். சும்மா கொண்டுபோகவில்லை, வழியில் கொஞ்சம் சர்க்கரையும் தூவினேன். பெரிய பாய், “பச்சக் கட்டைக்கும் காஞ்ச கட்டைக்கும் தட்டிப் பாத்தா சத்தம் வேறன்னு அந்தக் கண்ணில்லாத மனுசன்கிட்ட சொல்லு” என்பார். நான் கழுத்தைத் திருப்பி, “ஒருமுறை தட்டிப் பார்த்துட்டா நல்லதுன்னு பெரிய பாய் பிரியப்படறாரு” என்பேன். சின்ன பாய், “அவுரு மண்டைய தட்டினாலும் அதே சத்தம்தான் வரும்னு சொல்லு” என்பார். “யோசனைக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்றாரு” என்பேன்.

சுமையாட்கள் விறகைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் அதை என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன். நாலடி தூரத்தில் இருக்கிறவருக்கு மூலமும் கேட்கிறது, என் உரையும் கேட்கிறது என்பது எனக்கு உறைக்கவேயில்லை. மண்டி நடப்பதே என் நாக்கால்தான் என்று மனைவியிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில் லாரிகள் வந்தன. சாலை வழியாகவே விறகு பட்டணத்துக்குப் போக ஆரம்பித்தது. படகில் அனுப்பும் மண்டிகளுக்குக் கிராக்கி குறைந்தது. ஒரு நாள் பெரிய பாய் மரத்தைப் பார்த்து, “நிரந்தரமா வாங்கற ஆளு ஒருத்தன் சிக்கலன்னா மண்டிய பிரிச்சிக்கலாம்னு சொல்லு” என்றார். சின்ன பாய், “பிரிச்சிக்கலாம்னு சொல்லு” என்றார். நான் வந்தபிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். மண்டியைப் பிரிக்கலாம், அட்டியைப் பிரிக்கலாம். கணக்குப்பிள்ளையைப் பிரிக்க முடியாது, வீட்டுக்கு அனுப்பத்தான் முடியும்.

ஆள் சிக்கினார். பட்டணத்தில் பெரிய சாப்பாட்டு ஓட்டல் நடத்துகிறவர். வருஷம் முழுக்க விறகு வேண்டும், பேசலாம் என்று நேரிலேயே வந்துவிட்டார். இரண்டு பாய்களுக்கும் நடுவில் பலகையைத் துடைத்து அவரை உட்காரவைத்தேன்.

“காய்ஞ்ச கட்டையாத் தருவீங்களா?” என்று கேட்டார்.

பெரிய பாய் மரத்தைப் பார்த்தார். “ஊடால பச்சைய சொருவாம இருந்தா தரலாம்னு சொல்லு.”

சின்ன பாயும் மரத்தைப் பார்த்தார். “கண்ண தொறந்துகினு அட்டி போட்டா தரலாம்னு சொல்லு.”

ஓட்டல்காரரும் மரத்தைப் பார்த்தார். அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, “ரெண்டு பேருமே உறுதியாத் தர்றோம்னு சொல்றாங்க” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு ரெண்டு காது இருக்குய்யா. அவங்க சொன்னது கேட்டுச்சு. அவங்க சொல்லாததை நீ எதுக்கு எனக்குச் சொல்றே?”

எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பயந்தால் எனக்கு விக்கல்தான் வரும். பஸ் முதலாளியிடம் இருந்தபோது கணக்கு பார்க்கிற நாளெல்லாம் விக்கல் நாள்தான்.

“நாளைக்கு என் அடுப்பில் ஒரு பச்சைக் கட்டை வந்து புகைஞ்சா, நான் இங்கே யாரைப் பிடிச்சுக் கேட்கணும்?”

பெரிய பாய் மரத்தைப் பார்த்தார். சின்ன பாயும் மரத்தைப் பார்த்தார். நான் மட்டும் விக்கினேன்.

எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே அவர் சொன்னார்: “ஒரு படகு அனுப்புங்க. வெள்ளிக்கிழமை கிளம்பணும். நல்லாக் காய்ஞ்சதா, நனையாம வந்து சேரணும். சரியா இருந்தா வருஷத்துக்கும் நீங்கதான். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கறேன்.”

அன்று திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் விக்கல் நிற்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் பாவம், வீட்டில் யாரோ என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

“இன்னா, மூஞ்சி பேயறைஞ்சாப்ல கீது?” என்றாள் என் மனைவி. எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“அவங்க ரெண்டு பேருக்கும் வாய் கீதா இல்லியா?”

“இருக்கு.”

“அப்ப நீங்க இன்னாத்துக்கு ஊடால பூந்துகினு கீறீங்க? நீங்க பேசறவரைக்கும் அவங்க பேச மாட்டாங்க.”

“நான் பேசாட்டி மண்டி நின்னு போயிடும்.”

“இப்ப மட்டும் ஓடுதாக்கும்” என்று ஒரு காம்பைத் தூக்கி எறிந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு முடிவோடு போனேன். இனிமேல் சர்க்கரை கிடையாது. சொன்னது சொன்னபடி. பெரிய பாய் வாயைத் திறந்தார். நான் கழுத்தைத் திருப்பி ஒப்பித்தேன்: “‘வடக்கால அட்டிய அந்தக் கண்ணில்லாத மனுசன் தானே ஒருக்கா பிரிச்சிப் பாக்கணும்.’ அவ்வளவுதான் சொன்னாரு. நானா எதுவும் சேக்கல.”

சின்ன பாய் என் மேல் பாய்ந்தார். “இன்னாய்யா, வாய் நீளுது? யார பாத்துக் கண்ணில்லாதவன்னு சொல்ற?”

பெரிய பாயும் என் மேல் பாய்ந்தார். “நம்ம வூட்டு மாப்பிள்ளைய நீ எப்படிய்யா மரியாதையில்லாம பேசலாம்?”

இதற்கு விக்கல்கூட வரவில்லை. விக்கலும் என்னைக் கைவிட்ட நாள் அது. ஆனால் ஒன்று புரிந்தது. சர்க்கரை போட்டுக் கொடுத்தாலும் சரி, போடாமல் கொடுத்தாலும் சரி, என் கையால் கொடுக்கிறவரை அது சேதி ஆகாது. யார் பொறுப்பு என்று ஓட்டல்காரர் கேட்ட கேள்விக்கு இங்கே ஆளே இல்லை. இரண்டு பேரும் என்னைக் காட்டுவார்கள், நான் மரத்தைக் காட்டலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. படகு கரையோடு கட்டி நின்றது. காலையிலிருந்து ஆட்கள் தலையில் சும்மாடு வைத்து, பலகை மேல் ஏறி இறங்கி, காய்ந்த கட்டையாகப் பார்த்து ஏற்றினார்கள். தட்டினால் மணி மாதிரி ஒலித்த கட்டைகள். முக்கால் படகு நிறைந்தபோது மேஸ்திரி கடல் பக்கம் கையைக் காட்டினார்.

“அண்ணாத்தே, அங்க பாரு. கறுத்துகினு வருது.”

கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் வானம் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

பெரிய பாய் மரத்திடம் சொன்னார்: “ஏத்தினது போதும். படக தள்ளிகினு போயி பாலத்துக்கு அடியில நிறுத்தச் சொல்லு.”

சின்ன பாய் மரத்திடம் சொன்னார்: “பாலத்தடியில பாதி படகுதான் பூரும். மீதி நனையும். இங்கியே மூடச் சொல்லு.”

நான் கேட்டேன்: “எதால மூடறது? தார்ப்பாய் எங்க?”

இரண்டு பேரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார். “அத்த மட்டும் கேக்காத. போன மழைக்கு பெரிய பாய் வூட்டுக் கூரை ஒழுவிச்சு. தார்ப்பாய தூக்கிகினு போனாரு. அப்பால அது வூட்டு விசயமாப்பூடுச்சு.”

“வீட்டு விஷயமானா என்ன?”

“மண்டி விசயம்னா உன் வழியா போவும். வூட்டு விசயத்த கணக்கப்புள்ள கிட்ட சொல்லி அனுப்பினா கௌரவம் இன்னா ஆவறது? அவுரும் குடுக்கல, இவுரும் கேக்கல. வருசமாவுது.”

அந்த மண்டிக்கு அப்போது வேண்டியிருந்த ஒரே ஒரு பொருள், என் கழுத்து எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்து சேராத பொருள். ஆட்கள் தலையில் கட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சைக் கேட்டு நகர்ந்தால் இன்னொருவருக்குக் கோபம் வரும். நான் சொன்னால்தான் அங்கே உத்தரவு.

“சொல்லுய்யா!” என்றார் பெரிய பாய்.

“சொல்லேன்யா!” என்றார் சின்ன பாய்.

சொல்லக்கூடாது என்று தீர்மானித்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். யாராவது கொஞ்சம் உரக்க அதட்டினால் அத்தனையும் உளறிவிடுவேன். ஆகவே மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தேன். ஒன்றல்ல, இருந்த அத்தனையும். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. கன்னம் இரண்டும் உப்பும்வரை அடைத்துக்கொண்டு, கட்டை அட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இனி நானே விரும்பினாலும் பேச முடியாது. மன உறுதி இல்லாதவனுக்கு வெற்றிலை உறுதி.

“யோவ், இன்னா பண்ற? மழ வருது!”

தலையை ஆட்டினேன். வேலை போய்விட்டது, இன்றைக்கு பஸ்ஸில் போனால் நாளைக்கு வரவேண்டியதில்லை, அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம் மனசு ஓடியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. புகையிலைக் காரம் கண்ணில் நீராக வந்தது. நான் அழுகிறேன் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

முதல் துளி பூவரச இலையில் பட்டென்று விழுந்தது. அடுத்தது என் மூக்குக் கண்ணாடியில். கட்டை சுமந்த ஆட்களில் ஒருவன், “தலையில வச்சிகினு நிக்கறோமே, ஒருத்தராவது எதுனா சொல்லுங்களேம்பா” என்றான்.

சின்ன பாய் மரத்தை விட்டுத் திரும்பினார்.

“மச்சான்.”

பெரிய பாய் திடுக்கிட்டு என்னைத்தான் பார்த்தார், கூப்பிட்டது நான்தான் என்பது போல. நான் உப்பிய கன்னத்தைக் காட்டினேன்.

“மச்சான், உங்களத்தான். தார்ப்பாய் எங்க?”

“வூட்டுல. பரண் மேல.”

“ஏன் குடுத்தனுப்பல?”

“நீ கேக்கலியே.”

“கேட்டாத்தான் குடுப்பீங்களா? மண்டி சாமான் மண்டிக்கு வரவேணாமா?”

“எடுத்துகினு போனப்ப நீ பாத்துகினுதானே நின்ன? எப்ப தருவீங்க மச்சான்னு ஒரு வார்த்த! வாயில இன்னா கொழுக்கட்டையா?”

“உங்க வாயில இன்னாவாம்?”

அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துச் சண்டை. அட்டி போட்டது, தோப்பு பேசினது, ஆடு வாங்கினது, யாரோ யாருக்கோ சலாம் சொல்லாதது. எந்தக் காரணத்தால் பேச்சு நின்றது என்பது மட்டும் எனக்கு அதிலும் பிடிபடவில்லை. சண்டை போட்டுக்கொண்டே இருவரும் பெரிய பாய் வீட்டுக்கு ஓடினார்கள். லுங்கியைத் தூக்கிக் கட்டிய இரண்டு கனத்த மனிதர்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயைச் சுமந்துகொண்டு, முன்னால் போனவர் பின்னால் திரும்பித் திட்ட, பின்னால் வந்தவர் நிமிர்ந்து திட்ட, கால் இடறாமல் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும்.

“அந்தப் பக்கம் இழு!”

“இழுத்துகினுதான் கீறேன், நீங்க முடிச்ச பாருங்க!”

“மேஸ்திரி, மேலாக நனஞ்சத எறக்கு!”

“ஆமா, எறக்கு. மச்சான் சொல்றது சரி.”

உத்தரவு நேராக ஆட்களுக்குப் போனது. ஆட்கள் பறந்தார்கள். மழை கொட்டியபோது படகு மூடிக் கட்டியாகிவிட்டது.

நான் நனைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெற்றிலையைத் துப்பவில்லை. நான் வாயைத் திறந்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்களோ என்று பயம். மேஸ்திரி வந்து, “துப்பு அண்ணாத்தே, செத்துப் பூடுவ” என்ற பிறகுதான் துப்பினேன்.

மழை விட்டதும் படகு கிளம்பிப் போனது. அடுத்த சில நாட்களில் பாய்கள் இருவரும் நிறுத்தாமல் பேசினார்கள். சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ புதுப் பயம் பிடித்தது. இவர்களே பேசிக்கொண்டால் நான் எதற்கு? கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்து, எனக்கும் இங்கே வேலை இருக்கிறது என்று எனக்கே நிரூபித்துக்கொண்டேன். மனைவியிடம் சொன்னதற்கு, “பேசினாலும் அழுவறீங்க, பேசாட்டியும் அழுவறீங்க” என்றாள்.

படகு காலியாகத் திரும்பி வந்தது. படகுக்காரர் கரையில் குதித்தார். “ஓட்டல்காரரு ஒவ்வொரு கட்டையா தட்டிப் பாத்தாரு பாய். அடுப்புல வச்சும் பாத்தாரு. வருசத்துக்கும் நீங்கதானாம். அடுத்த படகு என்னிக்கு, யாரு பொறுப்புன்னு ரெண்டும் கேட்டுகினு வரச் சொன்னாரு.”

மேஸ்திரி துண்டைச் சுழற்றித் தூக்கிப் போட்டார். நான் பேனாவைத் திறந்தேன்.

“திங்கக்கெழம” என்றார் பெரிய பாய்.

“பொதங்கெழம” என்றார் சின்ன பாய்.

இரண்டு கழுத்துகளும் பழக்க தோஷத்தில் மெல்ல மரத்தின் பக்கம் திரும்பின. “கணக்கு, அவுருகிட்ட சொல்லு...”

உள்ளே விக்கல் கிளம்பியது. அதை முழுங்கினேன். “எனக்கு ரெண்டு கெழமையை எழுதத் தெரியாது பாய். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லுங்க, எழுதறேன்.”

பெரிய பாய் என்னை முறைத்தார். நான் பேனா முனையை முறைத்தேன். கடைசியில் இருவரும் எழுந்து கரையோரமாக நடந்தார்கள். கையை ஆட்டுவது தெரிந்தது, ஒருமுறை சின்ன பாய் திரும்பி வரப்பார்த்து மறுபடி போனது தெரிந்தது. வெகு நேரம் கழித்து வந்தார்கள்.

“செவ்வாக்கெழம” என்றார்கள், இரண்டு பேரும்.

எழுதினேன். படகுக்காரர் கிளம்பப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

“செவ்வாய் காலையிலயா, சாயங்காலமா? படகுக்குப் பொறுப்பா நிக்கறது யாரு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வாங்க மச்சான்” என்றார் சின்ன பாய். மறுபடியும் கரையோரமாக நடந்தார்கள். நான் பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.